படியைத் தேடி வரும் திருடன்

(ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில், கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள், மகளிர் குழுவினர், வங்கி ஊழியர்கள் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2024 ஜூலை 31, புதன்கிழமை. யு.பி.ஐ. பணப்பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ. அன்று ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனத்தின் கணினிகளில் சிலவற்றை ரான்சம்வேர் தாக்கியிருக்கலாம், ஆகவே அந்த நிறுவனத்தைப் பணப்பரிமாற்ற வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்து வைத்திருக்கிறோம் என்று அதில் சொல்லியிருந்தார்கள். ரான்சம்வேர் என்பது கணினிக்குள் புகுந்து கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமானால் பணம் கொடு என்று மிரட்டும் நிரல். சி-எட்ஜ், ஸ்டேட் வங்கியும் டி.சி.எஸ். நிறுவனமும் கூட்டாகத் தொடங்கியது. சொந்தமாக டேட்டா சென்டர் வைத்துக்கொள்ள வசதியில்லாத கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கணினிச் சேவை தருவதுதான் அதன் வேலை. நாடு முழுவதும் 300-க்கு நெருக்கமான சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு அன்றைக்குப் பணம் அனுப்பவும் பெறவும் வழி அடைபட்டது. மறுநாள் பாதுகாப்புச் சோதனை முடிந்து இணைப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பத்திரிகைகள் இரண்டு நாள் எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டன. வங்கி ஒன்றின் டேட்டா சென்டரில் பேக்கப், அதாவது பதிவுகளுக்குப் படி எடுத்து வைக்கும் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என்னால் அப்படிக் கடந்து போக முடியவில்லை. அடிபட்டது பெரிய வங்கிகள் அல்ல. மலையிலும் காட்டோரத்திலும் கடைசிக் கிராமத்திலும் கிளை வைத்திருக்கிற வங்கிகள்தான் அடிபட்டன. உங்கள் பணம் இருப்பது அந்த வகை வங்கிகளில்.

இந்த மலையில் ஒரு குடும்பத்தின் வங்கிக் கணக்கில் என்னவெல்லாம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஊரக வேலைத் திட்டக் கூலி வருகிறது. 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை வருகிறது. குழுவின் சேமிப்பும் குழுக் கடனும் அங்கேதான். புளியும் கடுக்காயும் சாமையும் விற்ற பணம் அங்கேதான். சென்னையில் மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு ஏதாவது தவறு நடந்தால் சம்பளச் சீட்டு, மின்னஞ்சலில் வந்த அறிக்கை, செல்போனில் வந்த குறுஞ்செய்தி என்று நாலு சாட்சிகள் உண்டு. டவர் கிடைக்காத ஒரு மலைக் கிராமத்தில் இருக்கிற அம்மாவுக்கு வங்கியின் பதிவு ஒன்றுதான் சாட்சி. நகைக்கடன் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. எத்தனை கிராம், என்ன தரம், எந்தத் தேதியில் வைத்தது, எவ்வளவு வட்டி கட்டியாயிற்று, எல்லாமே அந்தப் பதிவில் இருக்கிறது. பதிவு போனால் வழக்கு நடத்தக்கூட ஆதாரம் இருக்காது. அதனால்தான் பேக்கப் என்கிற விஷயத்தைக் கணினிக்காரர்களின் கூட்டத்தில் பேசுவதைவிட உங்கள் முன்னால் பேச வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். எந்த வங்கியில் கேட்டாலும், "எங்களுக்கு இரண்டு டேட்டா சென்டர் இருக்கிறது, ஒன்று விழுந்தால் இன்னொன்று எழும்" என்பார்கள். முதல் இடத்தில் பதிவாகிற ஒவ்வொரு வரவு செலவும் சில நொடிகளுக்குள் வேறு ஊரில் இருக்கிற இரண்டாவது இடத்துக்குப் போய்விடும். அந்த இரண்டாவது இடத்தைப் பேரிடர் மீட்பு இடம், டி.ஆர். சைட், என்கிறோம். வெள்ளத்துக்கும் தீக்கும் மின்தடைக்கும் அது அவசியம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது கிளைகளும் ஏ.டி.எம்.களும் நாள்கணக்கில் மூடிக் கிடந்ததை நாம் பார்த்தோம். 2020 நவம்பர் 21 அன்று எச்.டி.எஃப்.சி. வங்கியின் முதன்மை டேட்டா சென்டரில் மின்சாரம் நின்று இணையச் சேவைகள் முடங்கின. அதற்கு முன்பும் அங்கே இப்படி நடந்திருந்ததால், டிசம்பர் 2 அன்று ரிசர்வ் வங்கி, புதிய டிஜிட்டல் திட்டங்களையும் புதிய கடன் அட்டைகளையும் நிறுத்தி வைக்கச் சொன்னது. ஆக, டி.ஆர். விஷயத்தை ரிசர்வ் வங்கி லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் டி.ஆர். சைட் வேறு, பேக்கப் வேறு. முதல் இடத்தில் தப்பு நடந்தால் அந்தத் தப்பும் அதே வேகத்தில் இரண்டாவது இடத்துக்குப் போகும். ராத்திரி நாள் முடிப்பில் வட்டி கணக்கிடும் நிரல் கோளாறாகி லட்சம் கணக்குகளில் தப்பான வட்டியை எழுதினால், டி.ஆர். சைட்டிலும் லட்சம் கணக்குகளில் அதே தப்பான வட்டி இருக்கும். யாரோ அழித்தால் அங்கேயும் அழியும். ரான்சம்வேர் பூட்டினால் பூட்டப்பட்ட கோப்பே அங்கேயும் போய்ச் சேரும். பேக்கப் என்பது ஒரு குறிப்பிட்ட நேரத்து நிலையை அப்படியே பிடித்து, இனி மாறாதபடி தனியே வைப்பது. அதனால்தான் நாள் முடிப்புக்கு முன் ஒன்று, முடிந்தபின் ஒன்று என்று தினமும் இரண்டு பேக்கப் எடுக்கிற வழக்கம் வங்கிகளில் இருக்கிறது. இடையில் ஏதாவது கோணலானால் முந்தையதற்குத் திரும்பிப் போய் நாள் முடிப்பை மறுபடி ஓட்டலாம். பகலில் நடக்கிற வரவு செலவுகளின் பதிவேட்டையும் சில நிமிடத்துக்கு ஒருமுறை பேக்கப்புக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

முன்பெல்லாம் இந்தப் பேக்கப் முழுக்கக் காந்த நாடாவில்தான். ராத்திரியெல்லாம் டேப் ஓடும். காலையில் ஒருவர் அதைப் பெட்டியில் வைத்து, வேறொரு கட்டடத்துப் பெட்டகத்துக்குக் கொண்டு போவார். 2000-க்குப் பிறகு பேக்கப் அப்ளையன்ஸ் என்கிற பெட்டிகள் வர ஆரம்பித்தன. வட்டுகள், பேக்கப் மென்பொருள், குறியாக்கம், சரிபார்ப்பு எல்லாவற்றையும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் சேர்த்து, இந்த ஒரு வேலைக்காகவே செய்த கணினி அது. 2001-இல் தொடங்கிய டேட்டா டொமைன் என்ற அமெரிக்க நிறுவனம் இதில் முன்னோடி. 2009-இல் இ.எம்.சி. அதை 200 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. பிறகு வெரிட்டாஸ், ரூப்ரிக், கொஹெசிட்டி என்று பல பெயர்கள் வந்தன. இன்று நம் நாட்டின் பெரிய வங்கிகளில் இந்த மாதிரிப் பெட்டி இல்லாத டேட்டா சென்டரைப் பார்ப்பது கடினம்.

அதன் சூட்சுமம் ஒரு கணக்கில் இருக்கிறது, சொன்னால் உங்களுக்கே புரியும். ஒரு வங்கியின் தரவு 10 டெராபைட் என்று வைத்துக்கொள்வோம். தினமும் முழு பேக்கப் எடுத்து 30 நாள் வைத்திருக்க வேண்டுமானால் 300 டெராபைட் இடம் வேண்டும். ஆனால் ஒரு நாளில் உண்மையில் மாறுவது எவ்வளவு? பெரும்பாலான கணக்குகளில் அன்றைக்கு எதுவுமே நடந்திருக்காது. நூற்றுக்கு இரண்டு பங்கு மாறியது என்றால் 0.2 டெராபைட். பெட்டி, வருகிற தரவைச் சில கிலோபைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் உள்ளடக்கத்திலிருந்தும் ஓர் அடையாள எண்ணைக் கணக்கிடும். அதே எண் ஏற்கெனவே இருந்தால் அந்தத் துண்டை மறுபடி எழுதாது, இன்ன இடத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். முதல் நாள் 10, அடுத்த 29 நாளுக்கு 5.8, மொத்தம் 16 டெராபைட்டுக்குள் 30 நாளும் அடங்கிவிடும். மாறியது மட்டுமே கம்பி வழியாகப் போவதால், வேறு ஊரில் இருக்கிற இரண்டாவது பெட்டிக்கும் சிறிய இணைப்பிலேயே அனுப்பிவிடலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதை விற்பனைக்கு வருகிறவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. ஒரே துண்டை 30 நாள் பேக்கப்பும் நம்பி நிற்கின்றன. அந்த ஒரு துண்டு கெட்டால் 30-ம் கெடும். ஆகவே பெட்டி ஓய்வு நேரத்தில் தன் வட்டுகளைத் தானே படித்துப் படித்துச் சரிபார்க்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பு ஓடுகிறதா என்று ஒரு மனிதர் பார்க்க வேண்டும். இன்னொன்று, வங்கியின் மென்பொருளே தரவைக் குறியாக்கம் செய்து அனுப்பினால் நேற்றைய துண்டும் இன்றைய துண்டும் ஒத்துப் போகாது, மேலே சொன்ன 16 மறுபடி 300-ஐ நோக்கி ஓடும். குறியாக்கத்தை எந்த இடத்தில் செய்வது என்பதைப் பெட்டி வாங்குமுன் முடிவு செய்யாமல், வாங்கி ஒரு வருடத்தில் இடம் நிரம்பி நின்ற இடங்களை நான் கண்டிருக்கிறேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. திருட வருகிறவன், அழிக்க வருகிறவன், முதலில் தேடுவது மூலத்தை அல்ல. இரண்டாவது படி எங்கே இருக்கிறது என்றுதான் தேடுகிறான்.

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் பணம் நியூயார்க் கணக்கிலிருந்து களவு போனது. 8 கோடியே 10 லட்சம் டாலர். வங்கிகள் தமக்குள் பணம் அனுப்பச் சொல்லும் கட்டளைகள் போகிற வலை ஸ்விஃப்ட். அதில் அனுப்பப்படும் ஒவ்வொரு செய்திக்கும் டாக்காவில் ஓர் அச்சு இயந்திரம் தானாகவே தாளில் பதிவு எடுக்கும். திருடர்கள் முதலில் அந்த அச்சு இயந்திரத்தைச் செயலிழக்க வைத்தார்கள். காலையில் வந்தவர்கள் இயந்திரம் பழுது என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து, 2018 பிப்ரவரியில், அதே வித்தை நம் கும்பகோணத்துக்கு வந்தது. 1904-இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி. அதன் ஸ்விஃப்ட் கணினிக்குள் புகுந்து துபாய், துருக்கி, சீனா என்று மூன்று இடங்களுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் அனுப்பும் கட்டளைகளைப் போட்டார்கள். அங்கேயும் அச்சு இயந்திரம் முந்தைய நாளே முடக்கப்பட்டிருந்தது. பிப்ரவரி 7 காலையில் கணக்கு ஒத்துப்பார்த்தபோது வங்கி ஊழியர்கள் பொருந்தாத பதிவுகளைக் கண்டுபிடித்து உடனே வெளிநாட்டு வங்கிகளுக்குச் செய்தி அனுப்பினார்கள். ஒரு பகுதிப் பணத்தை வழியிலேயே நிறுத்த முடிந்தது. காலையில் முதல் வேலையாகக் கணக்கை ஒத்துப் பார்க்கிற பழக்கம் அங்கே இருந்தது. அந்தப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இலங்கையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அது வங்கி இல்லை, அரசின் கணினி மேகம். 2023 ஆகஸ்ட் 26 அன்று லங்கா கவர்ன்மென்ட் க்ளவுடை ரான்சம்வேர் தாக்கியது. சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. பேக்கப் இல்லாமல் இல்லை. ஆனால் பேக்கப்பும் அதே வலையில் இணைந்தே இருந்தது, அதையும் சேர்த்து ரான்சம்வேர் பூட்டிவிட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. ஓர் அரசின் மூன்று மாதத்துக்கும் மேலான கடிதப் போக்குவரத்து. அதே இடத்தில் ஒரு வங்கியின் மூன்று மாதப் பதிவை வைத்துப் பாருங்கள். எத்தனை பேர் கட்டிய தவணை கட்டாததாக ஆகும்?

தென் கொரியாவில் 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகர அரசு டேட்டா சென்டரில் மின்கலங்கள் தீப்பிடித்தன. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைச் சேர்த்து வைத்த 858 டெராபைட் எரிந்தது. அளவு மிகப் பெரியது என்று சொல்லி வெளியே படி வைக்காமல் விட்டிருந்தார்கள். சிறிய நாடு, ஏழை நாடு, தொழில்நுட்பம் தெரியாத நாடு என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆகவே இன்றைய பேக்கப் பெட்டியில் நான் முதலில் பார்ப்பது இடமும் வேகமும் இல்லை, பூட்டு. எழுதிய பேக்கப்பை 30 நாளோ 90 நாளோ யாராலும் அழிக்க முடியாதபடி காலக்கெடு வைத்துப் பூட்டலாம். தலைமை நிர்வாகியின் கடவுச்சொல் திருடன் கையில் இருந்தாலும் திறக்காது. ரான்சம்வேர் புகுந்த அன்றே வேலையைக் காட்டுவதில்லை. வாரக்கணக்கில் ஓசையில்லாமல் கிடந்து, பேக்கப் எங்கே இருக்கிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நோட்டம் பார்க்கும். அதனால் ஏழு நாள் பேக்கப் மட்டும் வைத்திருக்கிறவருக்கு ஏழு நாளுமே கறைபட்டதாக இருக்கலாம்.

பூட்டையும் உடைக்க ஒரு குறுக்கு வழி உண்டு. 30 நாள் ஆனால்தானே பூட்டு திறக்கும்? பெட்டியின் கடிகாரத்தை ஒரு வருடம் முன்னால் தள்ளிவிட்டால், காலக்கெடு முடிந்துவிட்டது என்று பெட்டி நம்பிவிடும். எல்லாக் கணினிகளும் நேரத்தை ஒரு பொதுச் சர்வரிடம் கேட்டு வாங்குகின்றன. அந்தச் சர்வரை வசப்படுத்தினால் போதும். நல்ல பெட்டி தன் கடிகாரத்தைத் தானே காத்துக்கொள்ளும். நேரம் சட்டென்று தாவினால் ஏற்காது. பூட்டின் விதியை மாற்ற வேண்டுமானால் இரண்டு தனித்தனி அதிகாரிகளின் ஒப்புதலைக் கேட்கும். பெட்டியின் நுழைவு, வங்கியின் பொதுப் பயனர் பட்டியலோடு சேராமல் தனியாக இருக்க வேண்டும். மூலத்தின் சாவி வைத்திருப்பவரிடமே படியின் சாவியும் இருக்கக் கூடாது. இவ்வளவையும் செய்த பிறகும் டேப்பை விட வேண்டாம் என்பது என் கருத்து. அலமாரியில் கிடக்கிற நாடாவுக்குள் எந்தக் கம்பி வழியாகவும் யாரும் நுழைய முடியாது. எல்.டி.ஓ.-9 வகை நாடா ஒன்றில் 18 டெராபைட் அடங்கும். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் என்று ஒரு விதியைக் கணினித் துறையில் எல்லோரும் சொல்வார்கள். அதைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர். எடுத்த படம் போனால் திரும்ப எடுக்க முடியாது என்கிற பயத்திலிருந்து வந்த விதி அது.

இப்போது மீட்டெடுப்புக்கு வருகிறேன். நீங்கள் சாமை விதைக்கிறவர்கள். தின்கிற சாமையோடு சேர்க்காமல் விதையைத் தனியே எடுத்து வைக்கிறீர்கள். வைத்ததோடு விடுவதுமில்லை, விதைப்புக்கு முன் ஒரு பிடி எடுத்து முளைக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறீர்கள். பேக்கப்பில் பெரும்பாலான இடங்களில் நடக்காமல் போவது இந்த முளைப்புச் சோதனைதான். "பேக்கப் வெற்றி" என்று தினமும் காலையில் பச்சை நிறத்தில் அறிக்கை வரும். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

ஒரு வங்கியில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். வருடக்கணக்கில் பச்சை அறிக்கை வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் சர்வர் மொத்தமாகப் போய்விட, பேக்கப்பைத் திறக்கப் போனார்கள். பேக்கப் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தது. அதைத் திறக்கும் சாவி, இறந்துபோன அதே சர்வருக்குள் மட்டும் இருந்தது. தரவு முழுவதும் கண்ணெதிரே இருக்கிறது, ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. ஒரேயொரு முறை மீட்டுப் பார்த்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும்.

சரியான மீட்புச் சோதனை எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றித்தான் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும். வலையிலிருந்து முற்றிலும் துண்டித்த ஒரு சர்வர். போன மாதத்தில் ஏதோ ஒரு தேதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். யார் தேர்ந்தெடுக்கிறார் என்பது முக்கியம். பேக்கப் எடுத்தவர் தேர்ந்தெடுக்கக் கூடாது, ஆடிட் பிரிவிலிருந்து ஒருவர் சொல்ல வேண்டும். அந்தத் தேதியின் பேக்கப்பைப் பெட்டியிலிருந்து இறக்குகிறார்கள். அதன் மேல் பகல் பதிவேட்டை வரிசையாக ஏற்றி, இன்ன நாள் பிற்பகல் 3 மணி என்று சொன்ன இடத்தில் நிறுத்துகிறார்கள். தரவுதளம் திறக்கிறது. வேலை இங்கே முடிந்துவிட்டதாகப் பலர் எழுந்து போய்விடுவார்கள், ஆனால் இனிமேல்தான் சோதனை. மறுபடி ஒரு நாள் முடிப்பு நிலைக்குக் கொண்டுவந்து, இருப்பாய்வை எடுத்து, அன்றைக்குக் கிளைகளில் அச்சிட்டுக் கையெழுத்தான அறிக்கையோடு தலைப்பு தலைப்பாக ஒத்துப் பார்க்க வேண்டும். சேமிப்பு, நடப்பு, வைப்பு, நகைக்கடன், கைவசம் ரொக்கம். வித்தியாசம் பூஜ்யம் ரூபாய் பூஜ்யம் பைசா வர வேண்டும். ஐந்து பைசா உதைத்தாலும் எங்கே என்று தேட வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பத்து இருபது கணக்குகளை எடுத்து, ஒவ்வொன்றின் கடைசிப் பதிவுகளையும், நாமினி பெயரையும், கையெழுத்துப் படத்தையும் பார்க்க வேண்டும். கையெழுத்துப் படங்கள் வேறொரு வட்டில் இருந்து, அது பேக்கப் பட்டியலிலேயே சேராமல் விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. கைரேகை வைக்கிற வாடிக்கையாளர்கள் அதிகமுள்ள கிளைகளில் இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசியுங்கள்.

நேரத்தையும் குறிக்க வேண்டும். 10 டெராபைட்டை நொடிக்கு 1 ஜிகாபிட் கம்பியில் இறக்கினால், வேறு எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் 22 மணி நேரம் ஆகும். துண்டு துண்டாக வைத்திருப்பதைத் தேடிச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருப்பதால் பெட்டிக்கு வாங்குகிற வேகம் திருப்பிக் கொடுப்பதில் இருப்பதில்லை. நான்கு மணி நேரத்தில் எழுந்துவிடுவோம் என்று காகிதத்தில் எழுதி வைத்திருக்கிற நிர்வாகம் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்திருக்கிறதா என்று எனக்குப் பல நேரம் சந்தேகம் வந்திருக்கிறது.

ரிசர்வ் வங்கி இதில் தெளிவாகவே இருக்கிறது. 2023 நவம்பர் 7 அன்று வெளியிட்டு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்ப ஆளுகை விதிகளில், பேக்கப்பை அவ்வப்போது மீட்டு அது பயன்படுகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. முக்கிய அமைப்புகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது டி.ஆர். ஒத்திகை நடக்க வேண்டும், அந்த ஒத்திகையில் குறைந்தது ஒரு முழு வேலை நாள், காலைத் தொடக்கம் முதல் நாள் முடிப்பு வரை, இரண்டாவது இடத்திலிருந்தே வங்கி நடக்க வேண்டும் என்கிறது. அதே மாதம், 2024 ஏப்ரல் 24 அன்று, கோட்டக் மஹிந்திரா வங்கியின் மேல் நடவடிக்கை எடுத்தபோது சுட்டிய குறைகளில் பேரிடர் மீட்பு ஒத்திகையும் ஒன்று. ஆனால் இந்த விதிகள் கூட்டுறவு வங்கிகளுக்கு இதே வடிவில் பொருந்துவதில்லை. அவற்றுக்குத் தனி வரைமுறைகள். சிறியவர்களுக்குச் சுமை கூடாது என்கிற நல்லெண்ணம் அதில் இருக்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வங்கி சிறிது என்பதால் அதில் பணம் போட்டவரின் இழப்பு சிறிதாகிவிடுவதில்லை.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம். இந்தப் பெட்டிகளின் விலை ஒரு தொடக்கச் சங்கம் நினைத்துப் பார்க்கக் கூடியதல்ல. 2022 ஜூன் 29 அன்று மத்திய அமைச்சரவை 2,516 கோடி ரூபாயில் 63,000 தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்க ஒப்புதல் கொடுத்தது. நபார்டு நடத்துகிறது. பழங்குடிப் பகுதிகளுக்கான லேம்ப்ஸ் சங்கங்களும் அதில் அடங்கும். எல்லோருக்கும் ஒரே மென்பொருள், ஒரே மேகம். அங்கே பேக்கப்பை நல்ல முறையில் செய்தால் தனித்தனியாக எந்தச் சங்கமும் செய்ய முடியாத காவல் கிடைக்கும். நான் இதை வரவேற்கிறேன். ஆனால் 300 வங்கிகள் ஒரே நாளில் முடங்கியதும் பொது வசதி ஒன்றில்தான் என்பதை மறக்க முடியாது. ஒன்றாகச் சேர்த்து வைத்தால் காவலும் ஒன்றாகிறது, குறியும் ஒன்றாகிறது. சேவை தருகிறவரிடம் இருக்கிற படியைத் தவிர, மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி தன் பொறுப்பில், தன் சாவியில், வேறு இடத்தில் ஒரு படி வைத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இடமிருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பேக்கப் உள்ளதை உள்ளபடி காக்கும், பொய்யையும் சேர்த்து. மும்பையில் 2019-இல் பி.எம்.சி. கூட்டுறவு வங்கி விழுந்தபோது, 44 கடன் கணக்குகளை மறைக்க 21,049 போலிக் கணக்குகள் எழுதி வைத்திருந்தது தெரியவந்தது. அந்த வங்கியில் எத்தனை நல்ல பேக்கப் பெட்டி இருந்திருந்தாலும் அந்த 21,049-ம் பத்திரமாக இருந்திருக்கும். தணிக்கை செய்ய வேண்டிய வேலையைப் பெட்டி செய்யாது.

படி எடுத்துப் பதிவைக் காப்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. வேலூர் அருகே திருவல்லம் வில்வநாதேசுவரர் கோயில் கல்வெட்டுகளில் ஒன்று, மண்டபத்தைப் பிரித்து மறுபடி கட்டுவதற்கு முன்பு இங்கே இருந்த கல்வெட்டின் படி இது என்று தன்னைப் பற்றியே சொல்கிறது. கட்டடம் மாறும்போது கொடைப் பதிவு தொலைந்துவிடக் கூடாது என்று கருதியிருக்கிறார்கள். படி எடுத்ததை மறைக்காமல் படி என்றே எழுதியும் வைத்திருக்கிறார்கள். இன்று வங்கிகள் இணையும்போதும் மென்பொருள் மாறும்போதும் இந்த ஒழுக்கம் வேண்டும். பேக்கப் பெட்டியின் ஆயுள் ஐந்து முதல் ஏழு வருடம். பத்து வருடம் பாதுகாக்க வேண்டிய பதிவு, பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்கு ஒரு முறையாவது இடம் மாறியே தீரும். மாற்றியபோது யார் மாற்றினார், ஒத்துப் பார்த்தாரா, பழைய மென்பொருள் இல்லாமல் அதை இனிப் படிக்க முடியுமா என்று எழுதி வைக்காவிட்டால், பத்தாவது வருடம் நீதிமன்றம் கேட்கும்போது கையில் திறக்காத கோப்பு ஒன்றுதான் இருக்கும்.

சங்கத்துச் செயலாளர்கள் இங்கே இருக்கிறீர்கள். மேகத்துக்குப் போகாத பதிவுகள் இன்னும் உங்கள் அலுவலகக் கணினியில் இருக்கும். அதற்கு எந்தப் பெரிய பெட்டியும் வேண்டாம். இரண்டு வெளி வட்டுகள் வாங்குங்கள். ஒன்றில் இன்று, இன்னொன்றில் அடுத்த வாரம் என்று மாற்றி மாற்றி எடுங்கள். எடுத்து முடித்ததும் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். செருகியே வைத்திருக்கிற பென்டிரைவ் பேக்கப் ஆகாது, ரான்சம்வேர் அதையும் சேர்த்துத்தான் பூட்டும். கழற்றியதை அதே மேசை அறையில் வைக்காமல் வேறு கட்டடத்தில் பூட்டி வையுங்கள். மாதம் ஒருமுறை வேறு கணினியில் திறந்து பாருங்கள்.

உறுப்பினர்களான நீங்கள் பேரவைக் கூட்டத்தில் எழுந்து கேட்க உரிமையுள்ளவர்கள். கடைசியாக எந்தத் தேதியில் பேக்கப்பை மீட்டுப் பார்த்தீர்கள், எத்தனை மணி நேரம் ஆயிற்று, இருப்பாய்வு ஒத்துப் போயிற்றா, யார் கையெழுத்துப் போட்டார் என்று கேளுங்கள். பேக்கப் எடுக்கிறீர்களா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும், அதில் பயனில்லை. மீட்ட தேதியைக் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் கையிலேயே ஒரு படி இருக்கிறது, பாஸ்புத்தகம். வங்கியின் எந்தக் கணினியும் எட்டாத இடத்தில், உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிற பதிவு அது. ஏ.டி.எம்.மும் செல்போனும் வந்தபின் அதைப் பதிவு போட்டு வாங்குகிற பழக்கம் குறைந்து வருகிறது. வீட்டுக்குப் போனதும் கடைசிப் பதிவின் தேதியைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு முந்தியதாக இருந்தால், அடுத்த முறை ஜமுனாமரத்தூர் வரும்போது கிளையில் கொடுத்து வரி போட்டு வாங்குங்கள். நாள் அதிகமாகிவிட்டால் சில வங்கிகளில் விட்டுப்போன வரவு செலவையெல்லாம் தொகுத்து ஒரே வரியாக அச்சிட்டுவிடுவார்கள். அப்படி வந்தால் அந்தக் காலத்துக்கான முழு அறிக்கையைத் தாளில் கேட்டு, கிளையின் முத்திரையோடு வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நகைக்கடன் ரசீதையும் அதோடு சேர்த்து வையுங்கள்.